பச்சை அட்டை கட்டிய பதினெட்டு மூட்டைகள்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் பெரிய குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் அப்படியே இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாடிப்படி ஏறித்தான் முழங்கால் போயிற்று என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், ஆனால் லிஃப்ட் ஓடாத கட்டிடத்துக்குத்தானே இவரைக் கூப்பிடுகிறார்கள், ஏறாமல் என்ன செய்வார். உன் தம்பி விடுதியில் இருக்கிறான், துணி துவைக்கும் சோப்பு தீர்ந்தால் மட்டும் அவனுக்கு அம்மா ஞாபகம் வரும். சமையலறைக் குழாயை அப்பா மாற்றிவிட்டார், இப்போது ஒழுகவில்லை, பதிலுக்குத் திறந்தால் விசில் அடிக்கிறது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரிசெய்பவர் வீட்டில் ஒரு குழாய் விசில் அடிக்கிறது, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். குட்டிக்காக மூன்று சட்டை வாங்கினாய், இயற்கைப் பருத்தி என்று சான்று முத்திரை போட்டது, விலை சாதாரணச் சட்டையைவிட இரண்டு மடங்கு. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு இதெல்லாம் வெறும் ஸ்டிக்கர், காசு பிடுங்க ஒரு வழி என்று சிரித்தார் என்றாய், நீங்க அந்த வேலையிலதானே இருக்கீங்க, உண்மையா பொய்யா ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா என்றாய். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வராது, போனில் சொல்லப்போனால் நீ நடுவில் சரிம்மா சரிம்மா என்று அவசரப்படுத்துவாய். அது தவிர உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன் நடந்தது. அப்போது உனக்கு மூன்றாம் மாதம், தண்ணீர் குடித்தாலும் வாந்தி, அந்த நேரத்தில் அம்மாவுக்கு வேலை போகலாம் என்று உனக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். அப்பாவையும் வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தேன். கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து படி.

முதலில் என் வேலை என்னவென்று உனக்குச் சரியாகத் தெரியாது. நூல் கிடங்கு, நூல் கிடங்கு என்று இத்தனை வருடம் கேட்டிருப்பாய், உள்ளே வந்து பார்த்ததில்லை. நூற்பாலையிலிருந்து லாரியில் மூட்டை வரும், மூட்டைக்கு ஐம்பது கிலோ, உள்ளே கோன் கோனாகச் சுற்றிய நூல். இறக்கி, எடை போட்டு, லாட் எண்ணைப் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, துணி பின்னும் நிட்டிங் மிஷினுக்குக் கொடுத்து அனுப்புவது நான். கிடங்கை நடுவில் கம்பி வலை போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறோம், ஒரு பக்கம் இயற்கைப் பருத்தி நூல், மறுபக்கம் சாதா நூல். வயலில் என்ன மருந்து அடித்தார்கள், அடிக்கவில்லை என்பது நூலைத் தொட்டால் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது, இரண்டும் ஒரே வெள்ளை. அதனால்தான் சான்றிதழ். பஞ்சு பிரிக்கும் ஆலைக்கு ஒன்று, நூற்பாலைக்கு ஒன்று, துணி பின்னிச் சட்டை தைக்கும் எங்கள் யூனிட்டுக்கு ஒன்று, சாயப்பட்டறைக்கு ஒன்று. அதுவும் போதாது என்று ஒவ்வொரு முறை சரக்கு கை மாறும்போதும் இன்ன லாட், இத்தனை கிலோ என்று தனியாக ஒரு சான்று. ஆயிரம் கிலோ நூல் வாங்கிவிட்டு ஆயிரத்து ஐந்நூறு கிலோவுக்குச் சட்டை விற்றால் மாட்டிக்கொள்வோம். இந்த ஏற்பாட்டில் என் பங்கு என்னவென்றால், இயற்கை நூல் மூட்டை வந்ததும் அதன் கழுத்தில் ஒரு பச்சை அட்டை கட்டி வலைக்கு அந்தப் பக்கம் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். அதைத்தான் நான் கோட்டை விட்டேன்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் நான் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். பேக்கிங்கில் ஒருத்தி இருக்கிறாள், நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம், அவள் நாத்தனார் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் ஆடி ஆடி நகர்ந்து குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றதும், உள்ளே குளித்துக்கொண்டிருந்த மாமியார் போட்ட கூச்சலும் என்று எல்லாவற்றையும் அவள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரே நூற்பாலையிலிருந்து அன்று இரண்டு வகை நூலும் ஒரே லாரியில் வந்திருந்தது, ஒரே தடிமன் நூல், ஒரே பை, லாட் எண்ணில் கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம், பி என்றால் இயற்கை, டி என்றால் சாதா. பதினெட்டு மூட்டை இது, பதினெட்டு மூட்டை அது. நான் சிரித்துக்கொண்டே டி மூட்டைகளின் கழுத்தில் பச்சை அட்டையைக் கட்டினேன். ரிஜிஸ்டரில் பையைப் பார்த்து எழுதாமல் பில்லைப் பார்த்து எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், காலிப் பைகளை எண்ணிக் கட்டும்போதுதான் கண்ணில் பட்டது. பச்சை அட்டையோடு கிடந்த பையில் டி. பக்கத்துப் பையை எடுத்தேன், டி. பதினெட்டையும் தரையில் பரப்பிப் பார்த்தேன், எல்லாம் டி. வலைக்கு மறுபக்கம் ஓடினேன், நிஜ இயற்கை நூல் பதினெட்டு மூட்டையும் சாதா நூலோடு சேர்ந்து பிரிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. தொள்ளாயிரம் கிலோ சாதா நூல் அதற்குள் துணியாகிவிட்டது, பாதித் துணி சாயப்பட்டறைக்குப் போய்ச் சாயமும் ஏறிவிட்டது. கைக்குழந்தைகளின் சட்டைக்கான துணி அது. நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் இன்னொன்று புரிந்தது, அது இன்னும் மோசம். இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே வந்தது தொள்ளாயிரம், வெளியே போவது தொள்ளாயிரம், காகிதத்தில் ஒரு கிராம்கூட இடிக்காது. இந்தப் பதினெட்டு பையை எரித்துவிட்டு, அந்தப் பதினெட்டு மூட்டையைச் சத்தமில்லாமல் சாதா ஆர்டருக்குக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆய்வகத்தில் சோதித்தால் சில சமயம் தெரியும், பல சமயம் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால் போதும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் தெரியாம நடந்ததுதானே, விடு என்றார். நானும் அப்பாடா என்று டீ போட எழுந்தேன். அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. “இரு இரு. அன்னிக்கு நீ போட்ட கையெழுத்து தெரியாம போட்டது. திங்கக்கிழமை அதே ரிஜிஸ்டர்ல அடுத்த கையெழுத்து போடுவ இல்ல, அது தெரிஞ்சு போட்டதா ஆகிடும். நான் பார்க்காத லிஃப்டுல பார்த்தேன்னு ஒரு நாளும் எழுதினதில்ல, அதனாலதான் எனக்கு இந்த முழங்கால்” என்றார். உன் அப்பா வருடத்துக்கு ஒரு முறைதான் இப்படி உருப்படியாகப் பேசுவார், அதை என் டீ கொதிக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுவார்.

திங்கட்கிழமை காலை நேராக முதலாளியம்மாவிடம் போனேன். அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், என்னைவிடப் பத்து வயது சின்னவர், நாலு தையல் மிஷினில் ஆரம்பித்து இன்று அறுபத்திரண்டு பேருக்கு வேலை கொடுக்கிறார். கட்டிங் மேஜையில் துணி விரித்துக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன், ரேடியோவின் கதையை மட்டும் விட்டுவிட்டேன், அவளை எதற்கு மாட்டிவிட வேண்டும். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, இது வேற யாருக்குத் தெரியும் என்று கேட்டார். உங்களுக்கும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்றேன். “அப்போ மூணு பேரோட முடியட்டும் அக்கா. சரக்குப் போக இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. இந்தச் சான்றிதழுக்கு ரெண்டு வருஷம் அலைஞ்சிருக்கேன்” என்றார். நானும் சொல்லிவிட்டேன். “மேடம், உங்க யூனிட், உங்க முடிவு. ஆனா அந்த ரிஜிஸ்டர்ல இனிமே நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாரையாவது வெச்சுக்கோங்க, சாவியை நாளைக்குக் கொடுத்துடறேன்” என்றேன். அவர் போங்க என்பது போல் கையை மட்டும் அசைத்தார். உன்னிடம் மறைக்க மாட்டேன், கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் சாவியோடு போனால் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. புதன்கிழமை காலை அவரே கிடங்குக்கு வந்தார். கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “நீங்க போனா இந்தச் சாவியை யார்கிட்ட கொடுக்கறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சேன் அக்கா. ஒரு பேருகூட வரல. கடிதத்தை நீங்களே எழுதுங்க, நடந்தது நடந்த மாதிரி. நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். அன்று மதியமே சட்டை வாங்குகிற கம்பெனிக்கு ஒன்று, சான்றிதழ் தரும் அலுவலகத்துக்கு ஒன்று, சாயப்பட்டறைக்கு ஒன்று என்று மூன்று கடிதம் போயிற்று. என் தவறு என்று என் கையாலேயே மூன்று முறை எழுதினேன், மூன்றாவது முறை எழுதும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமான கஷ்டம். தொள்ளாயிரம் கிலோ துணியை மறுபடி பின்ன வேண்டும், அதற்கு வேறு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த இரண்டு மிஷினை நிறுத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும். நிட்டிங் மாஸ்டருக்கு அன்றைக்கு மகளின் பள்ளியில் ஓட்டப்பந்தயம், பார்க்க வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார், போக முடியவில்லை. பை கழுத்துல கட்டுற ஒரு துண்டு அட்டைக்காக என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். சாப்பாட்டு நேரத்தில் நான் உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. ஆர்டர் கைவிட்டுப் போனால் ஷிஃப்ட் குறையும் என்று அவர்களுக்குப் பயம், அதில் தப்பும் இல்லை. ரேடியோ மட்டும் பக்கத்தில் வந்து உட்காருவாள், ஆனால் ஒரு வார்த்தை பேச மாட்டாள், அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் விஷயம் எவ்வளவு பெரிது என்று யூனிட்டுக்கே புரிந்தது.

கம்பெனியிலிருந்து ஆறாவது நாள் பதில் வந்தது. சாதா நூல் துணியைச் சாதா முத்திரையோடு விற்றுக்கொள்ளுங்கள், சரியான சரக்குக்கு இரண்டு வாரம் அதிகம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதோடு நிற்கவில்லை, அடுத்ததாகத் தருவதாக இருந்த இன்னொரு ஆர்டரை வேறு யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது எங்களுக்கு அடிதான், உண்மையைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள் என்று உனக்குக் கதை விட மாட்டேன். ஆனால் யாருக்கும் வேலை போகவில்லை, முதலாளியம்மா அலைந்து திரிந்து பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று பிடித்து அந்த இடைவெளியை ஓட்டினார்.

சான்றிதழ் அலுவலகத்திலிருந்து ஒரு ஆடிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஒல்லியாக ஒரு பெண், முதுகில் ஒரு பை, டீ கொடுத்தால் முடிச்சிட்டுக் குடிக்கறேன் என்று தள்ளி வைத்தார். பேக்கிங் பெட்டியிலிருந்து கைக்கு வந்த ஒரு சட்டையை எடுத்து, இது எந்த மூட்டையில இருந்து வந்துச்சு, அங்க வரைக்கும் என்னைக் கூட்டிட்டுப் போங்க என்றார். தையல் வரிசை, கட்டிங் சீட்டு, சாயப்பட்டறை ரசீது, நிட்டிங் மிஷின் சீட்டு, கடைசியில் என் கிடங்கு. நாலு மணி நேரம். கால் கடுக்க நடந்து போய் பி என்று எழுதிய பையின்முன் நின்றபோது எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அவர் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. நீங்களா சொல்லலைன்னா அந்தப் பழைய சரக்கை நான் கண்டுபிடிச்சிருப்பேனா?” மாட்டீங்க என்றேன். அவர் சிரித்துவிட்டார், சிரித்தபடியே அதையும் எழுதிக்கொண்டார். தவறு என்று எங்கள் பெயரில் பதிவானது, முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும் என்றார். இப்போது மூட்டையைப் பிரிப்பதற்குமுன் இரண்டு பேர் லாட் எண்ணைச் சத்தமாக வாசிக்க வேண்டும், கோனின் கூர் நுனியை மூக்கு என்போம், அதிலும் நிறம் உண்டு, இயற்கை என்றால் பச்சை மூக்கு, சாதா என்றால் வெள்ளை மூக்கு. அந்த இரண்டாவது யோசனை என்னுடையது. சான்றிதழ் எங்களிடமே இருக்கிறது. ஆறிப்போன டீயை அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது மாப்பிள்ளையிடம் இதைச் சொல். அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நீ பிறப்பதற்குமுன் நான் வேலை பார்த்த ஒரு பெரிய கம்பெனியில் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள், ஆடிட்டர் வரும் அன்று எங்களுக்குப் புதுக் கையுறை கொடுப்பார்கள், அவர் கார் வாசலைத் தாண்டியதும் திரும்ப வாங்கிப் பெட்டியில் பூட்டுவார்கள். அதையும் பார்த்தவள் நான். அதனால் முத்திரையைப் பார்த்து மயங்கிவிடாதே. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு எண்ணும், சான்று கொடுத்த அலுவலகத்தின் பெயரும் இருக்கிறதா பார், அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் யாருக்குக் கொடுத்த சான்று என்று வர வேண்டும். எண் இல்லாமல் பச்சை எழுத்தும் இலைப் படமும் மட்டும் இருந்தால் மாப்பிள்ளை ஜெயித்தார் என்று வைத்துக்கொள். எண் இருந்து அது சரியாகவும் இருந்தால், அந்தச் சட்டைக்குப் பின்னால் குறைந்தது பத்துப் பேர் எடை போட்டு எழுதியிருக்கிறார்கள், அதில் ஒருவர் தப்பு செய்தால் சொல்வதற்கு ஒரு கதவும் இருக்கிறது. அந்தக் கதவைத் திறப்பார்களா என்பது ஆளைப் பொறுத்தது. கதவே இல்லாமல் இருந்திருந்தால் நான் அன்று யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன், நீயே சொல். என்னைக் கேட்டால் சட்டையைத் தைரியமாகப் போடு, போடுவதற்குமுன் ஒரு முறை துவைத்துக்கொள், எவ்வளவு பெரிய சான்று இருந்தாலும் குழந்தைத் துணியைத் துவைக்காமல் போடக் கூடாது.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது உன் கேள்வி மட்டும் இல்லை, இந்தத் திங்கட்கிழமை நடந்ததும்தான். காலையில் கிடங்கைத் திறந்து எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன், வலைக்கு வெளியே நிட்டிங் மாஸ்டர் வந்து நின்றார். நாலு மாதமாக இத்தனை கிலோ, இன்ன நூல் என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாத மனிதர், கையில் வெள்ளை மூக்குக் கோன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “அக்கா, சனிக்கிழமை ரெண்டாவது மிஷின்ல கோன் மாத்தும்போது நான்தான் கவனிக்கல. பச்சைக்கு நடுவுல இதை ஏத்திட்டேன். பதினோரு கிலோ துணி ஓடிடுச்சு” என்றார். யாராவது பார்த்தாங்களா என்று கேட்டேன். இல்ல என்றார். அப்புறம் ரிஜிஸ்டரைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் சொல்லும்வரை காத்திருக்காமல், பதினோரு கிலோவையும் தானே எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மூடிய பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே, சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க அக்கா, பெஞ்சுல இடம் பிடிச்சு வைக்கறேன் என்றார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேருடைய நிறைந்த ஆசி. வயிற்றில் இருப்பது ஆணோ பெண்ணோ, கை கால் திடமாக, உரத்த குரலோடு வந்து சேரட்டும். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துப் போடாதே, உடம்பில் ஒட்டாது, டீ குடித்து இரண்டு மணி நேரம் போகட்டும். இதைப் போனிலும் சொல்வேன், அப்போதும் நீ சரிம்மா என்பாய், ஆனாலும் சொல்வேன்.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்
உன் அம்மா
(இன்றைக்கும் நூல் கிடங்குப் பொறுப்பாளர்)